இசக்கிமுத்துவின் வண்டிச் சீட்டுகள்

ஜன்னலைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, அது சரியாக விழுந்ததா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் இசக்கிமுத்து இன்ஜினுக்குச் சாவி கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மேற்கு மாம்பலத்தில் ஜன்னலைச் சாத்தினால் உள்ளே வெந்து சாக வேண்டியதுதான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டு உட்காருவார். கட்டிலின் மேல் இரண்டு பலகை. பலகையின் மேல் தண்டவாளம், நான்கு ஸ்டேஷன், முப்பத்தாறு சரக்கு வண்டிகள். இடது கையில் ஒரு கட்டு அட்டை இருக்கும். வெளியே யாராவது செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தால் அந்தக் கட்டு தலையணைக்கு அடியில் போய்விடும்.

“யாரு சார் அது?” என்று என்னைக் கேட்பார்.

“ஐஸ்காரன்.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

நான் அந்த வீட்டின் மாடிப் போர்ஷன்காரன். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஐஸ்காரன்தான் என்று மறுபடி எட்டிப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் அட்டைக் கட்டு வெளியே வரும்.

இசக்கிமுத்துவுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். ரங்கநாதன் தெருவில் அவருடைய அத்தான் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அங்கே வாசலோரம் சாக்கை விரித்து உட்கார்ந்து, சின்ன உளியும் சுத்தியலுமாகப் பதினேழு வருஷமாக எவர்சில்வரில் பெயர் வெட்டுகிறார். பெயர், ஊர், தேதி. வாங்குகிறவர் சொன்னவுடனே வெட்டிவிட மாட்டார். “ஒருக்க சொல்லுங்கம்மா... இன்னொருக்க சொல்லுங்க... தாள்ல எழுதிக் காட்டுதேன், சரிதானான்னு பாருங்க” என்று மூன்று தடவை கேட்பார். முன்பு ஒரு சமயம் பெண் வீட்டுக் குடத்தில் யாருடைய இனிஷியலையோ வெட்டிவிட்டார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பதினோரு பேர் கடை வாசலில் வந்து நின்றார்கள். “வெட்டுனது வெட்டுனதுதான சார். அழிக்க முடியுமா?” என்று இன்றைக்கும் அதைச் சொல்லி உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் போதாது. இடிக்குப் பயம், பல்லி சொன்னால் பயம், தந்திச் சேவகனைத் தெருமுனையில் கண்டால் பயம். எல்லாவற்றுக்கும் மேலே காக்கிச் சட்டை. எதிரே போலீஸ்காரர் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். சைக்கிளில் விளக்கும் இருக்கும், லைசென்ஸ் வில்லையும் இருக்கும். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அது அவ்வோளுக்குத் தெரியணுமே” என்பது அவர் வாதம்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ரயில் எப்படி வந்து வாய்த்தது என்றால், மூர் மார்க்கெட்டில் வாய்த்தது. ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்தியர் விட்டுப்போன பெட்டி. அதில் சாவி கொடுத்து ஓட்டும் இன்ஜின் ஒன்று, ஆறு வண்டிகள், கொஞ்சம் தண்டவாளம். மீதி முப்பது வண்டிகளையும் பவுடர் டப்பா, பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டி அவரே செய்துகொண்டார். பெட்டியின் அடியில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றும் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து, “இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க சார்” என்றார். அப்படித்தான் இந்த வம்பில் நானும் மாட்டிக்கொண்டேன்.

அதில் போட்டிருந்தது இதுதான். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை. அட்டையில் அந்த வண்டியின் நம்பரும் ஜாதியும்: மூடிய வண்டி, மூடாத வண்டி, எண்ணெய் டாங்கி. அட்டையின் கீழ்ப்பாதியை மடித்து ஒட்டினால் ஒரு பை. பைக்குள் ஒரு சீட்டு. என்ன சரக்கு, எங்கிருந்து, எங்கே என்று சீட்டில் இருக்கும். சீட்டு சொல்லுகிற ஸ்டேஷனில் அந்த வண்டியைக் கழற்றி விட வேண்டும். விட்டபின் சீட்டைத் திருப்பிச் சொருகினால் அடுத்த பயணம் தெரியும். நான் வாசித்துச் சொன்னதும் இசக்கிமுத்து பத்திரிகையை வாங்கி அதிலிருந்த படத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “சும்மா சுத்திச் சுத்தி வந்தா அது ராட்டினம்லா சார். வேல இருந்தாத்தான் அது ரயிலு” என்றார்.

முப்பத்தாறு அட்டை, முப்பத்தாறு சீட்டு. அவற்றில் என்ன நம்பர் போடுவது? மனம்போல ஏதாவது போடுங்களேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நம்பரு பொய்யின்னா வண்டியே பொய்யின்னு ஆயிராதா?” கடையிலிருந்து வந்ததும் மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நிற்க ஆரம்பித்தார். கீழே போகும் சரக்கு வண்டிகளின் நம்பரையும், கண்ணில் பட்ட சரக்கையும், போகிற திசையையும் கடைத் துண்டுச் சீட்டுகளில் குறித்துக்கொள்வார். நெல், சிமெண்ட், உரம், விறகு. ஐப்பசி மாதத்தில் ஒருநாள் தார்ப்பாய் போர்த்திய பட்டாள லாரிகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் தாம்பரம் பக்கம் போயின. அதையும் எழுதிக்கொண்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் வருஷம் அது. பெயர் வெட்டுகிறவர் வேறு என்ன செய்வார், கண்ட எழுத்தை அப்படியே எழுதினார்.

அச்சடித்தவர் பீர் முஹம்மது. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் வாடை வீசும் சந்து ஒன்றில் காலால் மிதிக்கும் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை அடிப்பவர். பத்திரிகை வெட்டியதில் மீந்த அட்டைத் துண்டுகளிலேயே இசக்கிமுத்துவுக்கு அடித்துக்கொடுத்தார். அதனால் ‘மூடிய வண்டி, சரக்கு உரம்’ என்று ஒரு பக்கம் இருக்கும், மறுபக்கம் பாதிப் பிள்ளையார் இருப்பார். அச்சுக் கோத்தவர் சின்னப்பையன். பெயர்தான் அப்படி, வயது ஐம்பத்தெட்டு. இசக்கிமுத்து புரூப் பார்த்த லட்சணத்தில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னா நைனா, கண்ணாலப் பத்திரிகைய கூட இத்தினி தபா எவனும் பாத்ததில்ல. பொம்ம வண்டிக்கி இன்னாத்துக்கு இந்த அலப்பற?”

பீர் முஹம்மது மட்டும் சிரிக்காமல், “அது அவர் தொழில் சுத்தம்ப்பா, மாத்திக் கோரு” என்பாராம்.

டிசம்பர் மூன்றாம் தேதி பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. சென்னையில் குண்டு விழவில்லை. ஆனால் குண்டைத் தவிர மற்ற எல்லாம் விழுந்தன. ஜன்னல் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். கடலுக்குள் கப்பல் நிற்கிறது என்றார்கள். கோடம்பாக்கத்தில் உளவாளி பிடிபட்டான் என்று காலையில் ஒரு செய்தி; அவன் பைத்தியக்காரப் பிச்சைக்காரன் என்று சாயங்காலம் இன்னொன்று. காலைச் செய்தியை நம்பினவர்கள் சாயங்காலச் செய்தியை நம்பவில்லை. இசக்கிமுத்து மேம்பாலத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். ரயிலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். கடையில் உளியைத் தட்டும் சத்தம்கூடக் குறைந்துவிட்டது என்று அத்தான் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குச் சின்னப்பையன் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பாய இட்டுகினு பூட்டாங்கோ நைனா. நேத்து சாய்ங்காலம். இன்னும் வுடல.”

நடந்தது இதுதான். அதிகப்படியாக அடித்த இசக்கிமுத்துவின் சீட்டு ஒன்று அச்சாபீஸ் பலகையில் கிடந்திருக்கிறது. அது ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. கல்யாண வீட்டுக்காரர் கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து விழுந்திருக்கிறது: ‘மூடாத வண்டி 30417. சரக்கு: தார்ப்பாய் போர்த்திய லாரி 2. பீச்சிலிருந்து தாம்பரம்.’ அவர் அதை எடுத்துக்கொண்டு நேரே போலீஸுக்குப் போய்விட்டார். சண்டை யாரோடு, அச்சாபீஸ்காரர் பெயர் என்ன என்று சேர்த்துப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“எம்பேரச் சொல்லிட்டாரா?” இசக்கிமுத்துவின் குரல் கீச்சென்று வந்தது.

“சொல்லல. ஆரு குட்த்தான்னு ராவெல்லாம் கேட்டுகினு கீறாங்கோ. டீ எட்த்துக்கினு போய் நான் பாத்தேன். சொல்லிட்டு வா பாய்ன்னேன். அந்தப் புள்ள பயந்த புள்ள, இங்க வந்தா செத்துப்பூடும்ங்கிறாரு.”

இசக்கிமுத்து கொல்லைப்பக்கம் போனார். வந்தார். மறுபடி போனார். அவர் மனைவி தங்கபுஷ்பம் கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைக் கட்டை எடுத்து அடுப்படியில் வைத்து, மண்ணெண்ணெய்ப் புட்டியையும் பக்கத்தில் வைத்தாள். “இந்தா, எல்லாத்தையும் பொசுக்கிப் போடுங்க. அவரு பேரு சொல்லலேல்லா. நமக்கு எதுக்கு இது?” என்றாள். அவள் அழவில்லை. தீப்பெட்டியையும் எடுத்து நீட்டினாள்.

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். “ரெண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம். சூடு ஆறின பிறகு விட்டுவிடுவார்கள்” என்றேன். அந்த வெளிநாட்டுப் பத்திரிகையை வாசித்துக் காட்டியவன் யார் என்று கேட்பார்களே என்பதுதான் அப்போது என் மனசில் ஓடியது. வேறொன்றும் ஓடவில்லை.

இசக்கிமுத்து தீக்குச்சி கிழித்தார். முதலாவது முறிந்தது. இரண்டாவது பற்றியது, விரலைச் சுடும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போட்டுவிட்டார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். இன்ஜின், வண்டிகள், அட்டைகள், மேம்பாலத்தில் எழுதிய துண்டுச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டார். சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டார். தங்கபுஷ்பம் வந்து கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

பார்க் ஸ்டேஷன்வரை மின்சார ரயிலில் போனோம். எழும்பூர் வந்தபோது சரக்கு வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இசக்கிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். “சார், நீங்க வெளியவே நின்னுக்கிடுங்க” என்று மட்டும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சொன்னார். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் படியில் தடுக்கியதால் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்படி ஆயிற்று.

அன்று சாயங்காலமே எல்லோரையும் விட்டுவிட்டார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

பீர் முஹம்மது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மேஜைமேல் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று புரியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் என்ன என்றார். இசக்கிமுத்து ஓரடி முன்னால் வந்தார். பையைக் கவிழ்த்தார். தகர வண்டிகள் தரையில் உருண்டன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையின் ஓரத்தில் வைத்தார். ஒவ்வொன்றின் முன்னாலும் அதன் அட்டையை வைத்தார். 30417-ம் இருந்தது. தீப்பெட்டி நீளம், அதன்மேல் துணி சுற்றிய இரண்டு மரத்துண்டுகள்.

சப்-இன்ஸ்பெக்டர் அந்த வண்டியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஏட்டு சிரித்துவிட்டார். அறையே கொஞ்சம் இளகிற்று.

“இன்னாய்யா இது, பொம்மையா? இதுக்குத்தான் சீட்டா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். “ஒரு ராத்திரி வேலை போச்சு. சரி, நம்பரெல்லாம் சும்மா நீயா போட்டதுதானே? அப்படின்னு எழுதிக் குடுத்துட்டு எல்லாத்தையும் பொறுக்கிக்கினு கிளம்பு.”

நான் இசக்கிமுத்துவின் முதுகில் விரலால் குத்தினேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் வியர்வை வழிந்தது. எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார்: “பயமா இருக்கு சார். நாளைக்கு எவனாவது அந்த நம்பரு வண்டிய நேர்ல பாத்துட்டா? திரும்பவும் பாயத்தான் வந்து புடிப்பாவ. என்னைய இல்ல.”

பிறகு திரும்பி, “இல்லீங்கய்யா. பாத்து எழுதுனது. மாம்பலம் மேம்பாலத்துல நின்னு எங்கண்ணால பாத்து எழுதுனது. அவருக்கு ஒண்ணுந் தெரியாது. நான் குடுத்ததத்தான் அடிச்சாரு” என்றார். துண்டுச் சீட்டுகளையும் எடுத்து வைத்தார். எல்லாம் அவர் கையெழுத்து, தேதியோடு.

ஏட்டின் சிரிப்பு நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் வண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். லாரிச் சீட்டு வந்ததும் தனியாக எடுத்து வைத்தார். “பாய், நீ போலாம்” என்று தலையைத் தூக்காமல் சொன்னார். “நீ அங்க உக்காரு. இன்ஸ்பெக்டர் வரட்டும். அவர்தான் கேப்பாரு.”

இசக்கிமுத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கைகளை முழங்கால்களுக்கு நடுவே கொடுத்து அழுத்திக்கொண்டார்.

பீர் முஹம்மது மேஜையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இசக்கிமுத்துவைப் பார்த்தார். வெளியே போனார். படிக்குக் கீழே கிடந்த செருப்பைக் காலில் மாட்டினார். தெருவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எதிர்ச்சாரியில், எங்களோடு வந்திருந்த சின்னப்பையன் கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரவெல்லாம் தூங்காத மனிதர். போய்விடுவார், போக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் செருப்பை மறுபடி கழற்றினார். படியேறி உள்ளே வந்தார். “உன்னைப் போகச் சொல்லியாச்சே” என்றார் ஏட்டு. “இருக்கட்டுங்க” என்றார் அவர், பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்று.

இசக்கிமுத்து நிமிர்ந்து பார்த்தார். பிறகு, நடுங்கிக்கொண்டே, நகர்ந்து இடம் விட்டார்.