நாலு வயது குறைந்த டிரைவர்

இன்ஜின் டிரைவருக்கு ஐம்பது வயதில் பட்டாளத்துக் கடிதம் வந்தது. நாற்பத்தேழு வயது வரைக்கும்தான் ஆள் எடுத்தார்கள். அவரோடு அதே ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்த தம்பியை, நாற்பத்தெட்டு ஆகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள், அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். ரயில்வேயில் இருபதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள் என்று, இருபத்துநாலு வயதுப் பிள்ளைக்கு அப்பா நாலு வயதைக் குறைத்து எழுதிக் கொடுத்திருந்தார். அவர் செய்த புண்ணியம், ஏட்டின்படி டிரைவருக்கு இப்போது நாற்பத்தாறு. தம்பிதான் மூத்தவன்.

“இனிமே நீங்கதான் என்னை அண்ணேன்னு கூப்பிடணும்” என்று தம்பி சிரிக்கப் பார்த்தான். டிரைவருக்கு எரிச்சல்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், ரயில்வே கொடுத்த வீடும் போகும். கல்யாணம் ஆகாத இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு எப்படி வாயைத் திறப்பது? பட்டாளத்து ரயில் ஓட்டப் போனார்.

குண்டு படாமலிருக்க இன்ஜினைச் சுற்றி இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். வெளியே பார்க்க இரண்டு விரல் அகலச் சந்து. உள்ளே அவரும் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனும் வெந்துகொண்டிருந்தார்கள். கார்டு பச்சைக்கொடி காட்டாமல் சக்கரத்தை நகர்த்தி அறியாத மனிதர் அவர். இங்கே கார்டும் இல்லை, கொடியும் இல்லை. சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் தகட்டில் தட்டுவான், கிளம்ப வேண்டும். முதல் நாள் பழக்கதோஷத்தில் கொடிக்காகக் காத்திருந்து மேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். போகும்போது வெடிப்பெட்டிகள், வரும்போது காயம்பட்டவர்கள். அவர்கள் முனகுவது வண்டி நின்றால் தகட்டுக்குள்ளும் கேட்கும்.

ஒரு வருஷத்தில் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. அப்போதுதான் உத்தரவு வந்தது. ஐம்பது தாண்டியவர்கள் வீட்டுக்குப் போகலாம். ஏட்டில் வயது தப்பாக இருந்தால் டாக்டரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். வீட்டுக்கு எழுதிக் கேட்டார். மனைவி உடனே பதில் போட்டாள்: “வீடு போனா போகட்டும். பொண்ணுங்களும் அதையேதான் சொல்றாங்க. உங்க தம்பி வீட்டுல ஒண்டிக்கலாம். உண்மையைச் சொல்லிட்டு வந்து சேருங்க.”

படித்துவிட்டு அழுதார். ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்று என்று இரண்டு நாளாக இன்ஜினுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஃபயர்மேன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

கூடாரத்தில் டாக்டர் தலை நிமிரவில்லை.

“வேலை?”

“இன்ஜின் டிரைவருங்க.”

“வயசு?”

“நாற்பத்தேழுங்க.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எந்த மேஜைக்கு முன்னால் நின்றாலும் இத்தனை வருஷமாகச் சொன்ன பொய். நாக்குக்கு வேறு கணக்குத் தெரியாது. டாக்டர் எழுதிக்கொண்டு, முழங்காலை அழுத்திப் பார்த்தார்.

“உடம்பு அதுக்கு மேல சொல்லுதே. நிஜமா எத்தனை?”

டிரைவர் வாசல் பக்கம் பார்த்தார். இப்போது மாற்றிச் சொன்னால் பட்டாளத்து டாக்டரிடமே பொய் சொன்னதாகிவிடும். வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றான்.

“இன்ஜின் சூடுங்க. ஆளைச் சீக்கிரம் கிழவனாக்கிடும்.”

“அதுவும் சரிதான்” என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

“உண்மையைச் சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாங்க” என்று அன்று சாயங்காலம் மனைவிக்கு எழுதினார்.