காய்ச்சல் என்று எழுதச் சொன்னேன்

போன வருடம் எங்கள் அலுவலகத்தில் மனநல விழிப்புணர்வுப் பயிற்சி என்று அரை நாள் உட்கார வைத்தார்கள். மார்ச் மாதக் கடைசி, மேசை நிறையக் கோப்புகள். அந்த நேரத்தில் எல்லாரையும் கூட்டிப் போய்ப் படம் போட்டுக் காட்டினால் எரிச்சல் வராதா? பிரிவுக் கண்காணிப்பாளர் என்பதால் நான் முன்வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. பயிற்சி கொடுத்த பெண், யாராவது மனசொடிந்து இருப்பதாகத் தெரிந்தால் சுற்றி வளைக்காதீர்கள், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்றார்.

"எங்க வீட்டுல இப்படிக் கேட்டா வெளக்கமாறு பறந்து வரும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். வடையும் டீயும் நன்றாக இருந்தன. கருத்துப் படிவத்தில் 'மிகவும் பயனுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் அதைத்தான் எழுதினார்கள்.

மூன்று வாரம் கழித்து எங்கள் தட்டச்சர் ஒரு விடுப்புக் கடிதத்தை என் மேசையில் வைத்தாள். முப்பது வயதுகூட ஆகாதவள். கணவன் துபாயில், இவள் திருக்கோகர்ணத்தில் மாமியாரோடு. விடுப்பு என்றால் எங்களுக்கு ஒரே வாசகம்தான்: உடல்நிலை சரியில்லாத காரணத்தால். பள்ளிக்கூடத்தில் பழகியது, ஓய்வு பெறும் வரை கூடவே வரும். இவள் 'மனநிலை சரியில்லாத காரணத்தால்' என்று எழுதியிருந்தாள். தட்டச்சுப் பிழை என்றே நினைத்திருப்பேன், ஆனால் கையால் எழுதியிருந்தாள்.

"என்னம்மா இது?"

"அதான் மேடம் உண்மை."

"உண்மையெல்லாம் பைல்ல ஏறக் கூடாதும்மா. நாளைக்கு ப்ரமோஷன் வரும்போது எவனாச்சும் எடுத்துப் பாத்தா, லூசுன்னு பேரு வச்சிருவாங்க. காய்ச்சல்னு எழுதிக் குடு."

அவள் வேறு தாள் எடுத்து, என் மேசையோரத்திலேயே எழுதிக் கொடுத்தாள். மூன்று நாள் விடுப்புக்குப் பரிந்துரைத்தேன். அவளுக்கு நல்லது செய்துவிட்ட நினைப்பில் மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

நான்காம் நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அந்த முதல் கடிதத்தில் அவள் என்ன சொல்ல வந்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு டவுன் பஸ் பிடித்துப் போனேன்.

மாமியார் கதவைத் திறந்தார். "வாங்க, உள்ளதான் படுத்திருக்கா" என்று அறையைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சாப்பிட்டியா என்று கேட்கத்தான் எனக்கு வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"செத்துப்போயிரலாம்னு தோணுதாம்மா?"

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவள் திரும்பினாள்.

"ஆமா மேடம். ரெண்டு மாசமா. ஒருத்தரும் கேக்கல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் கூட வாரேன்" என்றேன்.

"அத்தைக்கிட்ட என்ன சொல்றது மேடம்? அவங்ககிட்டயும் காய்ச்சல்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

அப்போது மாமியார் கஞ்சியும் மாத்திரை அட்டையுமாக வந்து நின்றார். "அஞ்சு நாளா மாத்திரை குடுக்குறேங்க. தொட்டுப் பாத்தா சூடே இல்ல. இது என்ன காய்ச்சல்னே வெளங்கல."

"காய்ச்சல் இல்லைங்கம்மா" என்றேன். "நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்."