இடுப்புக்கு மேல் இல்லாத சாமி

1998 ஒக்டோபர் 7, புதன்கிழமை. பள்ளி நாளென்றால், நாங்கள் அகதியாக வந்து குடியேறிய ஊஸ்டரில் ஏழு மணிக்குப் பாணும் பட்டரும். அன்று மால்ட்டாத் தீவின் ஹோட்டேலில் முட்டை மட்டும் மூன்று விதமாக இருந்தது. ஒன்றையும் தொட அம்மா விடவில்லை. இதை எழுதும்போதும் எரிச்சல் வருகிறது.

காரணம் அப்பா. மலிவாகக் கிடைத்த விடுமுறைப் பயணத்துக்கு, "பழைய கோயில் எல்லாம் காட்டுவினமாம்" என்று சொல்லித்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தார். சண்டை நடக்கிற ஊரில் விட்டுவந்த அம்மாவின் தம்பியைப் பற்றி இரண்டு வருடமாக ஒரு சேதியும் இல்லை. கோயில் என்று எதைச் சொன்னாலும் அம்மா புறப்படுகிற காலம் அது. விடியவே எங்களை முழுக வைத்து, வாழைப்பழமும் கற்பூரமும் பையில் எடுத்து, "கும்பிட்டுப்போட்டுத்தான் சாப்பாடு" என்றார்.

முதல் கோயிலில் பெருங்கற்கள் மட்டும் நின்றன. எந்தச் சாமி என்று அம்மா கேட்கச் சொன்னார். பள்ளியில் படிக்கிற ஜெர்மன் மொழியில் கேட்டேன். ஐயாயிரம் வருடப் பழமை, ஒருவருக்கும் தெரியாது என்றாள் வழிகாட்டிப் பெண்.

"பூசை எத்தினை மணிக்காம்?"

"ஐயர் லீவு போல," என்றார் அப்பா. அம்மா திரும்பியும் பார்க்கவில்லை.

இரண்டாவதிலும் கல்தான். கூட வந்தவர்கள் நிழலில் நின்று சாண்ட்விச் தின்றார்கள்.

"அம்மா, இது கோயில் இல்லை, மியூசியம். சாப்பிடுவம்."

"பொறு."

மூன்றாவதில் ஒரு சிலை இருந்தது. இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லை; மடிப்புப் பாவாடையும் பருத்த இரண்டு கால்களும்தான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தடுப்புக் கயிற்றுக்கு மேலால் எட்டிப் பழத்தைக் காலடியில் வைத்தார். கற்பூரத்தை அப்பா பறித்துக்கொண்டார்.

"இஞ்சரும், உதுக்குத் தலையே இல்லை. ஆரெண்டும் தெரியாது."

"கும்பிடக் கால் போதும். பேர் தெரிஞ்ச சாமியளிட்ட எல்லாம் கேட்டாச்சு."

வழிகாட்டி ஓடிவந்து, பழத்தை எடுத்துக் கோபமாக நீட்டினாள். ஐயர் கையால் வாங்குவதுபோல அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, பாதியை அவளுக்கே கொடுத்தார். அவள் வேறு வழியில்லாமல் தின்றாள். மிச்சத்தை எங்கள் மூவருக்கும் பிய்த்தார். மாலைவரை நான் புறுபுறுத்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அம்மா ஹோட்டேல் தொலைபேசியில் ஊஸ்டரிலிருந்த சித்தியைக் கூப்பிட்டார். "தம்பியின்ர சேதி ஏதும் வந்ததோ?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்று, "ஓம், பரவாயில்லை," என்று வைத்தார்.

"அந்தச் சாமிக்குக் காதும் இல்லையே அம்மா," என்று நான் விளக்கம் சொன்னேன்.

முட்டை எடுக்க என்னை அனுப்பினார். மூன்று விதத்திலும் இருவருக்குமாகக் கொண்டுவந்தேன், நான்தான் தின்றேன். விரதம் முடிந்துவிட்டதே, பிறகும் அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.