கங்காணியின் மூக்கு

எவால்ட் ப்ரிட்ஸ்கோவுக்குக் கல்லறை கிடையாது. நாற்பத்தைந்து ஜனவரியில் விமானக் குண்டுவீச்சில் எங்கள் ஜெர்மானிய ஊர் மாக்டபுர்க் எரிந்தபோது எங்கள் தெருவும் அதோடு போயிற்று. தரைத்தளத்தில் குடியிருந்த அவரும் போனார். அன்று நான் கிராமத்தில் தங்கை வீட்டில் இருந்ததால் பிழைத்தேன். அவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல இனி நான் ஒருத்திதான் மிச்சம்.

என் பெயர் கேத்தே. அந்தக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் என் கணவர் ஆர்னோவும் நானும் இருந்தோம். ஊரார் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது என் பிழைப்பு. எவால்ட் டிராம் கொட்டகையில் சக்கரங்களுக்கு எண்ணெய் விடுபவர். ஒட்டிய கன்னம், அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய மூக்கு. மூன்று தெரு தள்ளிக் கொதிக்கும் சூப்பைக்கூட அது கண்டுபிடித்துவிடும் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் அந்த மூக்குக்கு எந்த வாசனையும் தெரியாது. பதினெட்டில், முதல் போரின் கடைசி வருடம், பிரான்ஸில் விஷப்புகை குடித்தவர் அவர். நுரையீரல் எப்படியோ தேறிவிட்டது, வாசனை மட்டும் திரும்பவில்லை. இது அவர் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். அவளும் முப்பத்தொன்றில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பிறகு இரண்டு வருடம் அவர் வேலையில்லாமல் அலைந்தார். முப்பத்து மூன்றில் கட்சி ஆட்சிக்கு வந்ததும் சேர்ந்துகொண்டார். கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை. சேர்ந்தால் டிராம் கொட்டகையில் வேலை என்றார்கள், சேர்ந்தார். வேலையோடு இன்னொன்றையும் அவர் தலையில் கட்டினார்கள். எங்கள் கட்டடத்துக்கு அவர்தான் கட்சியின் கங்காணி. யார் கொடி கட்டவில்லை, யார் வெளிநாட்டு வானொலி கேட்கிறார், யார் தலைவரின் பேச்சுக்கு முகம் சுளித்தார் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய ஆள். அவரைத் தியாகி ஆக்க நான் உட்காரவில்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே ஒரே பானை ஞாயிறு வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு நாடு முழுக்க எல்லா வீட்டிலும் ஒரே ஒரு பானைதான் அடுப்பில் ஏற வேண்டும். பட்டாணியோ முட்டைக்கோஸோ போட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். வறுவல் கூடாது. மிச்சம் பிடித்த காசு கட்சி உண்டியலுக்கு. மந்திரி முதல் மூட்டை தூக்குகிறவர் வரை ஒரே சாப்பாடு என்று வானொலியில் உருகினார்கள். கங்காணி மதியம் உண்டியலோடு படியேறி ஒவ்வொரு சமையலறையிலும் மூக்கை நுழைத்துப் பார்ப்பார்.

முதல் ஞாயிறே ஆர்னோ வீம்பு பிடித்தார். "வாரமெல்லாம் இரும்போட மல்லுக்கட்டுறேன். ஞாயித்துக்கிழமை எனக்குப் பன்னித்தொடை வேணும். என் வயித்துக்குள்ளயும் கட்சி வருமா?"

"வயித்துக்குள்ள வராது, வாசலுக்கு வரும்" என்றேன். சொன்னபடியே வந்தது. வறுவல் அடுப்புக்குள் இருந்தது, மேலே பேருக்கு ஒரு பட்டாணிச் சட்டி. வீடே பன்றிக் கொழுப்பு மணத்தில் மிதக்கிறது. எவால்ட் வாசலில் நின்று கண்ணை மூடி நீளமாக மூச்சை இழுத்தார். நான் அடுப்பை மறைத்து நின்றேன்.

"பட்டாணி சூப்பா? நல்லா மணக்குது" என்று சொல்லிவிட்டு உண்டியலைக் குலுக்கினார்.

அவர் படியிறங்கியதும் ஆர்னோ சொன்னார்: "தங்கமான மனுஷன்டி. கண்டுக்காம போறார் பாரு."

கட்டடம் முழுக்க அப்படித்தான் நினைத்தது. நான்காம் மாடியில் இருந்த வோல்ஹைம் அம்மாதான் உண்மையைக் கண்டுபிடித்தவர். மருந்துக்கடைக்காரரின் விதவை, யூதர். அப்போது உண்டியல் அவர் வாசலுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பால் பொங்கி வழிந்து கருகி வீடே நாறிக் கிடந்தபோது எவால்ட் வந்து நின்றிருக்கிறார். வழக்கம்போல மூச்சை இழுத்து, "முட்டைக்கோஸ்ல சீரகம் போட்டீங்களா, பிரமாதம்" என்றிருக்கிறார். அந்த அம்மா அவரை உட்காரவைத்து நேராகவே கேட்டுவிட்டார். அவரும் ஒப்புக்கொண்டு அழுதாராம்.

"யார்கிட்டயும் சொல்லிடாத கேத்தே" என்று என்னிடம் மட்டும் சொன்னார், சிரிப்பை அடக்க முடியாமல். "ஜெர்மனி முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கங்காணி கிடைக்கமாட்டார். நம்ம வீட்டுக்கு அடிச்ச அதிர்ஷ்டம்."

அதிர்ஷ்டம்தான். ஏனென்றால் இரண்டாம் மாடியில் போல்டுவான் இருந்தான். தபால் நிலைய குமாஸ்தா. மூக்கும் கூர்மை, காதும் கூர்மை. எதிர்வீட்டு அச்சுக்கோப்பவர் தலைவரைப் பற்றி ஏதோ கிண்டல் செய்தார் என்று அவன் எழுதிப் போட்ட கடிதத்தால் அந்த மனிதர் எட்டு வாரம் முகாமில் இருந்து வந்தார். வந்தபிறகு யாரிடமும் பேசவில்லை. கங்காணி வேலைமேல் போல்டுவானுக்கு ஒரு கண். எவால்டின் ரகசியம் வெளியே வந்தால் அடுத்த நாளே அவன் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவான். நானும் அந்த அம்மாவும் வாயைத் திறக்கவில்லை.

முப்பத்தேழில் ஒரு சோதனை வந்தது. விமானத் தாக்குதல் பாதுகாப்பு வகுப்பு என்று பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். அதிகாரி மேசைமேல் ஐந்து சின்னக் குப்பிகளை வைப்பார். ஒவ்வொரு கங்காணியும் மோந்து பார்த்து எந்த விஷவாயு என்று சபையில் சொல்ல வேண்டும். எவால்ட் பேயறைந்தவர் மாதிரி நான்காம் மாடிக்கு ஓடினார். நானும் போனேன்.

யூதர்களுக்கு அந்த வகுப்பில் இடம் கிடையாது. ஆனால் பாடம் நடந்ததோ வோல்ஹைம் அம்மாவின் சமையலறையில்.

"பக்கத்துத் தெருவுக்குப் போன வாரமே முடிஞ்சிருச்சு. வரிசையைக் கேட்டுட்டேன்" என்றேன். "முதல்ல பூண்டு, ரெண்டாவது ஜெரேனியம் பூ, மூணாவது அழுகின வைக்கோல், நாலாவது மிளகு."

"பூண்டுன்னா கடுகு வாயு" என்றார் அந்த அம்மா. "வைக்கோல்னா பாஸ்ஜீன். உங்களைக் கெடுத்தது அதுவாத்தான் இருக்கும்."

"அஞ்சாவது?" என்றார் எவால்ட்.

"அஞ்சாவது அவங்களுக்கே மறந்துபோச்சாம்" என்றேன்.

எவால்ட் மனப்பாடம் செய்தார். நடுவில் திடீரென்று கேட்டார்: "சண்டையே வராதுன்னு வானொலியில தினம் சொல்றாங்க. அப்புறம் எதுக்கு நமக்கு இதெல்லாம்?"

அந்த அம்மா தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார். "அடுப்பு பத்த வச்சாச்சு ப்ரிட்ஸ்கோ. என்ன சமைக்கிறாங்கன்னு சொல்லலை, அவ்வளவுதான்."

மண்டபத்தில் முதல் நான்கையும் எவால்ட் பிசகாமல் சொன்னார். ரொம்பவே நடித்தார், மிளகுக் குப்பிக்கு மூன்று தும்மல் வேறு. முன்வரிசையில் இருந்த போல்டுவான் முகத்தில் ஈ ஆடவில்லை. ஐந்தாவது குப்பி வந்தது. எவால்ட் மோந்தார். மறுபடி மோந்தார். என்னைப் பார்த்தார். எனக்கென்ன தெரியும்? மேல்கூரையைப் பார்த்தேன். அவர் நெற்றி வேர்த்துவிட்டது. கடைசியில் குப்பியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றார்.

அதிகாரி மேசையைத் தட்டினார். "சபாஷ்! அது வெறும் தண்ணி! எட்டுத் தெருவுல இவர் ஒருத்தர்தான் சரியாச் சொன்னவர்!"

அவர் உண்மை சொல்லிப் பாராட்டு வாங்கியது அந்த ஒருமுறைதான். வோல்ஹைம் அம்மாவிடம் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த மாலையை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இதற்குள் எவால்டும் மாறியிருந்தார். நல்லவர் என்று ஒரு கட்டடமே நம்பினால் மனிதருக்கு அது பிடித்துப்போகுமோ என்னவோ. ஆர்னோ வாய்விட்டுக் கட்சியைத் திட்டினால் படியில் வேண்டுமென்றே இருமிக்கொண்டு ஏறுவார். வோல்ஹைம் அம்மாவிடம் உண்டியல் நீட்டக்கூடாது என்று உத்தரவு வந்தபிறகும் ஞாயிறுகளில் நான்காம் மாடி வரை போய், வெறுமனே நலம் விசாரித்துவிட்டு இறங்குவார்.

முப்பத்தெட்டு நவம்பர். புதன் இரவு ஊரில் யூதர் கடைகளை எல்லாம் உடைத்தார்கள். வியாழன் காலை சட்டைகளை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பூட்ஸ் சத்தம் படியேறி என் வாசலைத் தாண்டி மேலே போனது. நாலு பேர் இருக்கும். பிறகு தலைக்கு மேலே பீங்கான் உடைகிற சத்தம், அலமாரி சாய்கிற சத்தம். அந்த அம்மாவின் குரல் ஒரே ஒரு முறை கேட்டது. கால் மணி நேரம் நடந்தது. நான் கதவைத் திறக்கவில்லை. எவால்ட் கட்சித் தொப்பியோடு கீழ்ப்படியில் நின்று, அவர்கள் இறங்கும்போது ஒதுங்கி வழிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அந்த வாரமே ஒரே பானை ஞாயிறு. இந்த முறை சதுக்கத்தில், ராணுவக் கொப்பரையில் எல்லோருக்கும் பொதுச் சாப்பாடு. போகாத வீட்டைக் குறித்துக்கொள்வார்கள். கட்டடமே காலியாகப் போனது, நான்காம் மாடி தவிர. எவால்ட் தூக்குவாளியில் சூப் வாங்கிக்கொண்டு சீக்கிரமே திரும்பியதை நான் பார்த்தேன். யாருக்கு என்று தெரிந்தது. மனசு கொஞ்சம் லேசானதுபோல இருந்தது.

இரண்டு மணிக்கு நாங்கள் திரும்பினோம். தெருக்கதவைத் திறந்ததும் போல்டுவான், "கேஸ்!" என்று கத்தினான். எல்லோருக்கும் அடித்தது. ஆர்னோ மேலே ஓடிக் கதவை உடைத்தார். அந்த அம்மா கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு, சமையலறைத் தரையில் தலையணை வைத்துப் படுத்திருந்தார். கதவுக்கு அடியில் ஈரத்துணி செருகியிருந்தது. வெளியே படியில், ஆறிப்போன சூப் வாளி. எவால்ட் தன் வீட்டில் தலைவலி என்று படுத்துக் கிடந்தார்.

போலீஸ்காரர் வந்து எங்களை எல்லாம் படியில் நிறுத்தினார். எவால்டிடம், "நீங்க எத்தனை மணிக்கு மேல போனீங்க?" என்றார்.

"பன்னண்டரை. தட்டினேன், திறக்கலை. என்மேல கோவம்னு நினைச்சேன். கதவுல சாஞ்சு படியில உக்காந்தேன். பேசிக்கிட்டிருந்தேன்."

"யார்கிட்ட?"

"கதவுகிட்ட. சூப் ஆறிடும், வாங்கன்னேன். வியாழக்கிழமைக்கு மன்னிப்புக் கேட்டேன். ஒரு மணிக்கு எழுந்து வந்துட்டேன்."

"அரை மணி நேரம் கதவுல சாஞ்சு உக்காந்தவருக்கு கேஸ் வாசனை தெரியலையா?" போலீஸ்காரர் பென்சிலை நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். "தெரிஞ்சிருக்கும். யூதப் பொம்பளைதானே, போகட்டும்னு விட்டுட்டீங்க. அப்படித்தானே? தப்பா நினைக்கமாட்டேன். அப்படியே எழுதிடுறேன், உங்களுக்கும் தொந்தரவில்லை."

தலையை ஆட்டினால் போதும். வேலை, கங்காணிப் பதவி, எங்கள் கட்டடத்தின் நிம்மதி எல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் இருந்தது. ஆர்னோ என் கையை இறுக்கிப் பிடித்தார். வெட்கத்தோடு சொல்கிறேன், ஆட்டிவிடேன் மனுஷா என்று நானும் நினைத்தேன்.

"இல்லைங்க" என்றார் எவால்ட். "எனக்கு வாசனையே தெரியாது. பதினெட்டுலேர்ந்து. அஞ்சு வருஷமா கட்சியை ஏமாத்திக்கிட்டிருந்தேன். அப்படி எழுதுங்க."

போல்டுவான் சிரித்தான். அப்போது போலீஸ் மருத்துவர் மேலேயிருந்து இறங்கி வந்து, உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது என்றார். மணி இரண்டேமுக்கால். எவால்ட் கதவோடு பேசியபோது உள்ளே அந்த அம்மாவுக்கு உயிர் இருந்திருக்கிறது. எவால்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வாரத்தில் போல்டுவான் கங்காணியானான். எவால்டை டிராம் கொட்டகையிலிருந்து துரத்தித் தெருக்கூட்டப் போட்டார்கள். ஒரே பானை ஞாயிறுகளில் எங்கள் கட்டடத்தில் அதன்பிறகு நிஜமாகவே பட்டாணிதான் வெந்தது. ஆர்னோவும் வீம்பை விட்டார்.

அடுத்த செப்டம்பரில் போர் வந்தது. முதல் வாரம் போல்டுவான் முற்றத்தில் மேசை போட்டு எல்லோருக்கும் வாயு முகமூடி கொடுத்தான். எவால்ட் தன் முகமூடியைக் கையில் தொங்கவிட்டபடி, சட்டை வாங்க என் வீட்டுக்கு வந்தார். பத்து மாதத்தில் கிழவராகியிருந்தார். அவரைப் பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு.

"எவால்ட், இன்னும் எத்தனை நாள் இப்படியே குமையப்போறீங்க? உங்க தப்பு என்ன இருக்கு? உங்களுக்கு வாசனை தெரியாது. தெரிஞ்சிருந்தா கதவை உடைச்சிருப்பீங்க."

அவர் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். நிமிர்ந்து மேல்கூரையைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை மூக்கு இல்லை, சரி கேத்தே. வியாழக்கிழமை எனக்குக் காது நல்லாத்தானே இருந்துச்சு?"

 அந்த வியாழக்கிழமை அவர் நின்றது தரைத்தளத்தில். நான் இருந்தது அந்த அம்மாவுக்கு நேர் கீழே.