பிரேக் விளக்கும் எங்கள் வீட்டு விளக்கங்களும்

அந்தக் கார் என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் கணவரின் அண்ணன் கனடாவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஜெர்மன் கார். “சும்மா நிண்டால் பழுதாப்போம், தங்கச்சி ஓடட்டும்” என்று காரின் திறப்பை என் கையில் தந்தார். நான் மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். உப்புவெளியிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் இடுப்பொடிந்திருந்த காலம் அது. மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அவர் காரைத் தந்தாரே தவிர, அதன் மீதிருந்த உரிமையைத் தரவில்லை. அடிக்கடி வீடியோ அழைப்பில் வருவார். எங்கள் சுகத்துக்கு முன்னால் காரின் சுகத்தைத்தான் கேட்பார்.

ஒரு நாள் காலை சீனக்குடாவைத் தாண்டும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. ஒரு வட்டம், அதன் இரு பக்கமும் விட்டுவிட்டுப் போட்ட கோடுகள். சில்லைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பாட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். காரோடு வந்த புத்தகத்தில் அந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருந்தேன்.

கிண்ணியாவில் வழக்கம்போல் எங்கள் பாடசாலை இஸ்லாம் பாட ஆசிரியை ஏறினார். ஏறியதும் அவர் கண் அதில்தான் விழுந்தது.

“இது என்ன டீச்சர் புதுசா எரியுது?”

“பிரேக் தேஞ்சிட்டுதாம்.”

“அப்ப கிண்ணியாப் பாலத்தில வரக்குள்ளயும் எரிஞ்சதா?”

“ஓம்.”

அவர் அதுவரை தொட்டுக்கூடப் பார்த்திராத சீட் பெல்டை இழுத்து மாட்டிக்கொண்டு, மூதூர் வரை உதடு அசைய ஓதிக்கொண்டே வந்தார்.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்குப் பொறுப்பானவர். அங்கே எங்காவது ஒரு சின்ன விளக்கு மினுங்கினாலும் முழு வேலையையும் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாராம். அந்த மனிதரை வீட்டில் காணக் கிடைக்காது.

“செம்மஞ்சள்தானே? சிவப்பெண்டால்தான் பயப்படோணும். எரிஞ்சால் எரியட்டும், விடும்” என்றார்.

“தேஞ்சு முடிஞ்ச பிறகு நான் என்னத்தை மிதிக்கிறது?”

“நீர் எதையும் பெரிசாத்தான் யோசிப்பீர்.”

அடுத்த நாள் நானே கராஜுக்குப் போனேன். கராஜ்காரர் என் வயதுக்காரர், ஊரில் நல்ல பெயர். முன் சில்லின் ஆரங்களுக்கு இடையால் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

“இன்னும் ஓடும் அக்கா.”

“அப்ப லைட் ஏன் எரியுது?”

“இந்த வெளிநாட்டுக் கார்கள் அப்பிடித்தான். சும்மா வெருட்டும்.”

சும்மா வெருட்டுவதற்காக ஜெர்மன்காரன் மினக்கெட்டு ஒரு வயரை அங்கே பொருத்தியிருக்க மாட்டான் என்றேன். அவர் சிரித்தார். கடைசியில், என் தொல்லை தாங்காமல்தான், கொழும்பிலிருந்து பாட் எடுப்பிக்கச் சம்மதித்தார். பஸ்ஸில் வந்து சேர்ந்த பார்சலைப் பிரித்தால் வேறொரு மாடலுக்குரியது. திருப்பி அனுப்பி, மறுபடி வரவழைத்து, முன் சில்லு இரண்டையும் கழற்றிப் புதுப் பாட் போட்டார். நான் ஏறி காரை ஸ்டார்ட் செய்தேன். அந்த விளக்கு ஒரு சொட்டு வெட்கமும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

கராஜ்காரர் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். உள்ளே போய்க் கறுப்பு டேப் கொண்டுவந்து ஒரு துண்டு கிழித்து, விளக்கின் மேல் ஒட்டி, பெருவிரலால் நன்றாக அழுத்தினார்.

“இனித் தெரியாது அக்கா. நிம்மதியா ஓடுங்கோ.”

வகுப்பில் விடை பிழைத்தால் கணக்கையே அழித்துவிடும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். வளர்ந்த மனிதரைக் கண்டது அன்றுதான். வீட்டுக்கு வந்து நகத்தால் டேப்பை உரித்தெடுத்தேன். பசை மட்டும் போகவே இல்லை.

அந்த வார இறுதியில் கனடாவிலிருந்து அழைப்பு. ஃபோனை விளக்குக்கு நேரே பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். இன்னும் கிட்டப் பிடிக்கச் சொன்னார். அதையும் செய்தேன்.

“நான் ஓடின காலத்தில உது ஒருநாளும் எரிஞ்சதில்லையே. என்ன செய்தனீங்கள்?”

“பிரேக் பிடிச்சனாங்கள்” என்றேன். பக்கத்தில் நின்ற கணவர் என் முழங்கையை இடித்தார்.

பிறகு சத்தம் தொடங்கியது. பிரேக் மிதிக்கும்போது பின்பக்கத்தில் இரும்பை இரும்பு தேய்ப்பது போல. கடற்கரை மணல் உள்ளே போயிருக்கும் என்றார் கணவர். “ஆரோ அரிவாள் தீட்டுற மாதிரி இருக்கு” என்றார் இஸ்லாம் ஆசிரியை. அவர் சொன்னதுதான் பொருத்தமாக இருந்தது.

ஒரு பின்னேரம் பாடசாலை விட்டு வரும் வழியில் ரோட்டின் நடுவே மாடுகள் படுத்துக் கிடந்தன. அது அந்தப் பக்கத்தில் அன்றாடக் காட்சி. ஆனால் படுத்திருந்த ஒன்று திடீரென்று எழும்பிக் குறுக்கே வந்தது. ஊன்றி மிதித்தேன். கார் கத்திய கத்தலில் மற்ற மாடுகளும் எழும்பிவிட்டன. முன்பக்கம் புதிது என்பதால் நின்றுவிட்டது, ஆனால் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுபட்டது. மாட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ஆசிரியை என் கையைப் பிடித்திருந்தார்.

அவரைக் கிண்ணியாவில் இறக்கிவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து நேராகக் கராஜுக்குப் போனேன். அங்கே கிடந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு வாசலில் இருந்தேன்.

“பின் சில்லைக் கழட்டுங்கோ.”

“அக்கா, முன்னுக்குத்தான் கெதியாத் தேயும். பின்னுக்கு...”

“கழட்டுங்கோ. கழட்டாமல் நான் எழும்ப மாட்டன்.”

“இண்டைக்கு ஏலாது அக்கா, வேலை கிடக்கு.”

“அப்ப நாளைக்கு வரைக்கும் இதில இருக்கிறன்.”

ஜாக்கியைக் கொண்டுவந்தார். சில்லைக் கழற்றியவர் குனிந்து பார்த்தபடி அப்படியே இருந்தார். அங்கிருந்த பிரேக் பாட்களில் தேய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வெறும் தகடு. அது, பாட் அழுத்திப் பிடிக்கும் டிஸ்கில் வட்டம் வட்டமாக உழுது வைத்திருந்தது. விளக்கை எரிய வைக்கும் சென்சர் வயரும் அங்கேதான், தேய்ந்து அறுந்து தொங்கியது. அது எரிந்ததெல்லாம் பின் சில்லுக்காக. முன் சில்லில் கழற்றி எறிந்த பழைய பாட்கள் மூலையில் கிடந்தன, இன்னும் பாதிகூடத் தேயாமல்.

“பின்னுக்கும் சென்சர் இருக்கெண்டு தெரியேல்ல அக்கா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த நேரம் எனக்குக் களைப்பு மட்டும்தான் வந்தது. மறுபடி கொழும்பு, மறுபடி பார்சல். அதுவரை மறுபடி பஸ். எல்லாம் பொருத்தி முடித்து ஸ்டார்ட் செய்தபோது விளக்கு அணைந்தது. கராஜ்காரர் கை தட்டினார். நான் தட்டவில்லை.

சில நாள் கழித்து ஒரு கலியாண வீட்டில் பந்தியில் இருந்தோம். எனக்கு எதிரே கணவர், அவருடைய கூட்டாளிகள் நடுவில்.

“பின் சில்லைப் பாக்கச் சொன்னதே நான்தான். அந்தச் சத்தம் கேட்ட உடனயே எனக்கு விளங்கிட்டுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பாயசத்தைக் குடித்து முடித்தேன். கை கழுவினேன். கைப்பைக்குள் திறப்பு இருந்தது. ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் பிந்தி ஓட்டோவில் வந்து இறங்கினார். “என்னை விட்டிட்டு ஏன் வந்தனீர்?”

“நீங்கள் கதைச்சு முடிக்கேல்லை. அதுதான் வந்தனான்.”

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை என் முன்னால் சொல்வதில்லை. நான் இல்லாத இடங்களில் சொல்கிறாராம்.