ஆறுமுகம் கடை

பெருங்களத்தூர், 1996

"ஆறுமுகம் கடை எறங்கு!"

கண்டக்டர் கத்துகிறார். எனக்கு அந்தப் பெயரில் ஒரு ஸ்டாப் தெரியாது. ஜன்னலில் அதே டீக்கடையும் புளியமரமும் தெரிந்த பிறகுதான் அவசரமாக இறங்குகிறேன்.

சின்ன வயதில் அப்பாவோடு தாம்பரத்திலிருந்து வரும்போது இது நொண்டி கடை. கடைக்காரர் காலைத் தாங்கித் தாங்கி நடப்பார். முதல் தடவை கண்டக்டர் "நொண்டி கடை எறங்கு!" என்றபோது, போலியோ காலில் இரும்புப் பட்டை மாட்டியிருந்த நான் முதல் வார்த்தையைக் கேட்டதுமே, என்னைத்தான் இறங்கச் சொல்கிறார் என்று அழுதுகொண்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. இறங்கியதும் சுடச்சுட ஒரு மசால்வடை வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சோம்பு வாசனை இன்றும் கடைவாசலில் அப்படியே இருக்கிறது. அப்பாதான் இல்லை.

கடைக்காரர் என் காலைப் பார்த்ததும் முகம் மலர்கிறார்.

"அட, அந்த இரும்புக்கால் புள்ளதானே நீ? அப்பா கூட வருவியே!"

"ஆமாண்ணா. கடைப் பேரை எப்போ மாத்தினீங்க?"

"நான் எங்க மாத்துனேன்? பொறந்ததுலேந்து ஆறுமுகம்தான். பொண்ணு போர்டு எழுதி மாட்டிச்சு. அத்தப் பாத்துட்டு இப்பதான் பேரு சொல்லிக் கூப்டுறானுங்க."

டீயை நீட்டுகிறார். வாங்கிக்கொண்டே சொல்கிறேன்.

"என் பேரு மோகன்ணா."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்கிறார். பிறகு உள்ளே திரும்பி மகளிடம் சத்தமாகச் சொல்கிறார்:

"மோகன் சாருக்கு ஒரு மசால்வடை எடும்மா!"