சுவரில் ஒரு லோரி போல்ட்டு

எங்கள் கூடத்தில் கடிகாரம் கிடையாது. ஆனால் மத்தியானத்தில் வீடு அடங்கிக் கிடக்கும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றால் டிக் டிக் என்று கேட்கும். வருகிறவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள், கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார்கள். நான் உடனே சொல்லிவிட மாட்டேன். கொஞ்ச நேரம் தேடட்டும் என்று காப்பி கலக்கப் போய்விடுவேன். சொந்த வீட்டுக்காரிக்கு அந்த அளவு திமிர் இருக்கலாம்.

நான் திருச்சியில் பிறந்தவள், கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்தவள். கணவர் குணா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் ரவிக்கை தைக்கிறேன். எங்கள் இரண்டு பேர் வேலைக்கும் நடுவில், இரண்டு இடத்துக்கும் போகும் ரயில் பாதையை ஒட்டிய கம்போங் மேடானில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு வாங்கியிருக்கிறோம். கீழ் வீட்டுச் சீன ஆன்டி ஏற்றும் ஊதுபத்தி வாசம் எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக வரும். எங்கள் தாளிப்பு வாசம் எங்கே போகிறதென்று நான் விசாரிக்கவில்லை. பால்கனியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் உள்ளே போக வேண்டும். ஆனாலும் அது பால்கனிதான், எங்களுடையதுதான்.

இந்த வீட்டில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஓர் ஆணி அடிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். வாடகை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். திருச்சியில் நாங்கள் எத்தனை வீடு மாறினாலும், சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர் சொல்வது மட்டும் மாறாது. "சுவத்துல ஆணி கீணி அடிச்சிராதீங்க." அப்பா காலண்டரை ஜன்னல் கொக்கியில் மாட்டுவார். அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடி தரையில், தகரப் பெட்டியின்மேல் சாய்ந்து நிற்கும். தலை வாருவதென்றால் எல்லோரும் அதன் முன்னால் குனிய வேண்டும். பிறகு கடல் தாண்டி வந்து பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை பிடித்தோம். அந்த வீட்டுக்கார அங்கிளும் சாவியை நீட்டியபடியே, "சுவத்துல மட்டும் ஆணி அடிக்காதீங்க லா, டெபாசிட்ல பிடிச்சிருவேன்" என்றார். அந்தச் சமயத்தில்தான் மூடப்போகிற ஒரு தையல் கடையிலிருந்து தேக்குச் சட்டம் போட்ட ஆளுயரக் கண்ணாடி ஒன்று எனக்குக் கிடைத்தது. அதையும் சாய்த்துத்தான் வைத்தேன்.

வீடு என் பெயரில் இல்லை. என்னைப் போல வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இவ்வளவு குறைந்த விலையில் உள்ள வீட்டை வாங்க இங்கே சட்டம் இடம் தராது. அது குணாவின் பெயரில் இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். அதனால்தானோ என்னவோ, அந்த ஆணியின்மேல் எனக்கு அத்தனை பிடிவாதம். குணாவின் அக்காவுக்கு, என் அண்ணிக்கு, வேறு கவலை. கிள்ளானிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டு, "கம்போங் மேடானா? முன்ன இனக் கலாட்டா நடந்த இடம்டா அது. பக்கத்து வீடு மலாய்க்காரங்கன்னு வேற சொல்ற. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரு வருவா?" என்றார்.

"அது எப்பவோ நடந்ததுக்கா. இப்ப அங்க எல்லாரும் வேலை விட்டு வந்தா தூங்கறதுக்கே டைம் பத்தல" என்றார் குணா.

அண்ணி முகம் தெளியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளூரப் பயம்தான். இருபக்கமும் சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வாழப் போகிறோம். ஒருமுறை மனம் கசந்துவிட்டால் வாடகை வீடு மாதிரி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பவும் முடியாது.

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, குணா லோரிப் பட்டறையிலிருந்து துளை போடும் இயந்திரத்தை இரவல் வாங்கி வந்தார். அதன் முனை என் முழங்கை நீளம் இருந்தது. இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்டேன். "கண்ணாடி வெயிட்டு. இது கான்கிரீட் சுவரு, அமுக்கிப் பிடிச்சாத்தான் போகும்" என்று சொல்லி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டார். சுவர் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது. பிறகு திடீரென்று விட்டுக்கொடுத்தது. குணா கைப்பிடி வரைக்கும் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். முனையை வெளியே இழுத்தபோது துளையில் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்தோடு பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தமும் வந்தது. கான்கிரீட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒற்றைச் செங்கல் சுவர்.

அந்தத் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. குணாவின் முகத்தில் ஈயாடவில்லை. "கார்ல சிமெண்ட் இருக்கு, எடுத்திட்டு வரேன்" என்று நாலு மாடியும் இறங்கி ஓடினார். எனக்கு அண்ணியின் குரல்தான் காதில் ஒலித்தது. அடுத்த நிமிடம் வாசலில் இரும்புக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து நின்றார். ரோஸ்லான் என்று பெயர், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். தாடியெல்லாம் செங்கல் தூள். "அடிக், லுபாங் பெசார்" என்றார். தங்கச்சி, பெரிய ஓட்டை என்று அர்த்தம். அதற்கு மேல் மடமடவென்று அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. என் மலாய் தையல் கடை மலாய். அதில் எனக்குத் தடுமாறாமல் வரும் வாக்கியம் ஒன்றுதான், வாடிக்கையாளர்கள் கோபமாக வரும்போது சொல்வது. வாய் அதையே சொல்லிவிட்டது. "எசோக் சியாப்." நாளைக்கு ரெடியாகிவிடும்.

அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியிடம் அதைச் சொல்ல, உள்ளேயிருந்து அந்த அம்மாள் சிரிக்கும் சத்தம் எங்கள் கூடத்துத் துளை வழியாகவும் கேட்டது.

நான் துடைப்பத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சோபா முழுக்கச் செங்கல் தூள். அவர் மனைவி, நான் மாக்சிக், அதாவது அத்தை என்று கூப்பிடுகிறவர், என் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கி மூலையில் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். குணா சிமெண்ட் வாளியோடு மூச்சிரைக்க அங்கேயே வந்து துளையை அடைக்கப் போனபோது ரோஸ்லான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடைக்காதே என்றார். குளிர்பெட்டியின்மேல் மல்லாந்து கிடந்த பெரிய கடிகாரத்தைக் காட்டினார். அதை மாட்ட ஓர் ஆணி அடியுங்கள் என்று மாக்சிக் எத்தனையோ நோன்புப் பெருநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். "நல்ல நீளமா ஒரு போல்ட்டு போடுங்கறாரு. அந்தப் பக்கம் நம்ம கண்ணாடி, இந்தப் பக்கம் அவங்க கடிகாரம்" என்று குணா எனக்குத் தமிழில் சொன்னார்.

லோரியின் சாமான் பெட்டியிலிருந்து வந்த போல்ட்டு அது. தலை எங்கள் பக்கம், நட்டு அவர்கள் பக்கம். ரோஸ்லான் அங்கிருந்து முறுக்க, குணா இங்கிருந்து பிடித்துக்கொண்டார். கண்ணாடி ஏறியதும் நான் அதன் முன்னால் நின்றேன். குனியாமல் நின்றேன். என் முகம் என் உயரத்திலேயே தெரிந்தது. என் பிறந்த வீட்டு ஆட்களில் சொந்தச் சுவரில் ஒன்றை மாட்டிய முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையை யாருக்கும் பங்கு கொடுப்பதாக இல்லை. அண்ணி அடுத்த முறை வந்தபோது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போய் எங்கள் நட்டைக் காட்டினேன். அண்ணி நட்டைப் பார்த்தார், மாக்சிக் சுடச்சுடக் கொடுத்த கறிபாப் பலகாரத்தைப் பார்த்தார். இரண்டாவதாக ஒன்று எடுத்துக்கொண்டார்.

கண்ணாடி மாட்டிய அன்று மாலையே அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். அம்மா இன்னும் திருச்சியில், வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். கண்ணாடியைக் காட்டினேன். போல்ட்டின் தலையைக் கிட்டத்தில் காட்டினேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஏண்டி, இவ்ளோ பெரிய ஓட்டையா போட்டிருக்கீங்க? ஓனர் ஒண்ணும் சொல்லலையா?"

"நாங்கதாம்மா ஓனர்."

அம்மா புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள், திரையில்தான் ஏதோ இருப்பதுபோல. பிறகு, "நல்லா நிமிர்ந்து நில்லு, பாக்கறேன்" என்றாள். நின்றேன். அவளுக்குப் பின்னால், ஆணியில்லாத சுவரின் ஓரம், தகரப் பெட்டியின்மேல் அந்தப் பழைய கண்ணாடி சாய்ந்து நின்றது. அதில் முகம் பார்க்க அவள் இன்றைக்கும் குனிய வேண்டும்.